சாப் கற்றுக்கொடுத்த தொழில்

வளையம் உட்காரவில்லை.

டேபிள் ஃபேனின் பின்பக்கக் கூண்டைத் தாங்குகிற பிளாஸ்டிக் வளையம் அது. பெங்களூரில் அச்சு செய்து, முதல் பத்து வளையங்களைப் பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தார்கள். மோட்டாரின் கழுத்தில் அது பாந்தமாகப் போய் உட்கார வேண்டும். சென்னகிருஷ்ணன் தள்ளிப் பார்த்தார், திருகிப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு முழங்காலுக்கடியில் வைத்து அழுத்தியும் பார்த்தார். நாலு மில்லிமீட்டர் இடித்தது.

ஓசூர் சிப்காட்டில் ஃபேன் செய்கிற அந்தக் கம்பெனியில் அவர் டிசைன் பிரிவுக்குத் தலைவர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவர், டிராயிங் போடுகிற ரத்தினவேல், அதன் மேல் ஊடுருவித் தெரிகிற வழவழப்பான தாளை வைத்து டிரேசிங் எடுக்கிற ருக்மணி, அம்மோனியா நெடிக்குள் உட்கார்ந்து பிரிண்ட் போட்டுத் தள்ளுகிற கங்கப்பன், ஆக நாலே பேர். எண்பத்தெட்டாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் புது மாடல் கடைக்கு வந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

அசல் டிரேசிங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வளையத்தின் உள்விட்டம் நூற்றுப் பதினெட்டு என்று அவரே சொல்லிப் போடவைத்தது. இப்போது நூற்றுப் பதின்மூன்று என்று இருந்தது. எட்டை யாரோ பிளேடால் சுரண்டி மூன்றாக்கியிருந்தார்கள்.

இன்னொருவராக இருந்தால் கோபம் வந்திருக்கும். சென்னகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஒன்பது வாரமாக அவர் படித்துக்கொண்டிருந்த பாடத்துக்கு இன்றுதான் பரீட்சை வந்திருக்கிறது.

பாடம் நடந்தது தூர்தர்ஷனில், ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஹிந்தியில் ஒரு துப்பறியும் தொடர். பெரிய பங்களா, உள்ளே பணக்காரக் குடும்பம் ஒன்று. பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இறங்குகிறார். எல்லாரும் அவரை 'சாப்' என்று கூப்பிட்டார்கள். அதனால் சென்னகிருஷ்ணனுக்கும் அவர் சாப்தான். சாப் அதிகம் பேச மாட்டார். அலமாரியைத் திறப்பார், மூடுவார். ஒரே ஒரு புருவத்தை உயர்த்துவார். எதிரில் நிற்பவருக்கு வியர்த்துவிடும்.

ஹிந்தி தெரியாமலே ஹிந்தித் தொடர் பார்ப்பது அந்தக் காலத்தில் தெருவே செய்த காரியம். எனவே அதை அவர் ஒரு குறையாக எண்ணவில்லை.

அவர் மனைவி ராஜாத்திக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "என்னங்க, ஒம்போது வாரமா விசாரிக்கிறாரு. இன்னும் ஒருத்தனையும் புடிக்கலியே?"

"பெரிய ஆளுங்க அவசரப்பட மாட்டாங்க, ராஜாத்தி."

டிரேசிங்கைச் சுருட்டிக்கொண்டு அவர் ஹாலுக்கு வந்தார். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சென்னகிருஷ்ணன் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்த முயன்றார். இரண்டும் சேர்ந்தே போயின.

"நூத்திப் பதினெட்டைச் சுரண்டி நூத்திப் பதிமூணு ஆக்கினது யாரு?"

"நாந்தாங்க சார்" என்றாள் ருக்மணி.

அவர் எதிர்பார்த்தது இது இல்லை. விசாரணை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரத்தினவேல் சார் மாத்தச் சொன்னாருங்க. நீங்க தளிக்கு உங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களே, அந்த வாரம்."

சென்னகிருஷ்ணன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். சாபின் இரண்டாவது வாரத்தில் இப்படித்தான் ஒரு சமையற்காரன் ஓடிவந்து காலில் விழுந்து எதையோ ஒப்புக்கொண்டு அழுதான். சாப் அவனைக் கையசைத்துத் துரத்திவிட்டார். முதலில் வாயைத் திறப்பவன் குற்றவாளியாக இருக்க மாட்டான். யாரையோ காப்பாற்றப் பேசுகிறான்.

"இவ்வளவு சுலபமா ஒத்துக்கிறியே, உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க சார். நாந்தான் சுரண்டுனேன். பிளேடுகூட இங்கதான் இருக்குதுங்க."

"போதும். உட்காரு."

ரத்தினவேல் எழுந்தார். "சார், நான் சொல்றேன். மோட்டார் மாத்திட்டாங்க. புது மோட்டாருக்குக் கழுத்து நூத்திப் பன்னெண்டுதான். அதுக்குத்தான் பதிமூணு போட்டோம்."

"எம் மேசை மேல இருக்கிற மோட்டாரை இப்பத்தான் அளந்தேன். நூத்திப் பதினேழு. அப்ப மோட்டாரு பொய் சொல்லுதா?"

ரத்தினவேல் திகைத்துப் போனார். "பதினேழா? அந்த மோட்டாரை ஒரு தடவை பார்க்கலாங்களா சார்?"

"பார்க்கக் கூடாது. அது சாட்சி."

சென்னகிருஷ்ணன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: 'இருவர் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கிறது. முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.'

கடைசியில் பிரிண்ட் ரூமுக்குப் போய்க் கங்கப்பனைக் கேட்டார். கங்கப்பனுக்கு வீடு கர்நாடக எல்லையை ஒட்டி. பாதிப் பேச்சு கன்னடம்.

"உனக்கு என்ன தெரியும், கங்கப்பா?"

"கொத்தில்ல சார், தெரியாது. கொடுத்தாங்க, பிரிண்ட் போட்டேன். அஷ்டே, அவ்வளவுதான்."

'இவனுக்கு எல்லாம் தெரியும்' என்று எழுதிக்கொண்டார்.

சாப் எல்லாரையும் தனித்தனி அறையில் வைத்துத்தான் விசாரிப்பார். ஆகவே அன்று முதல் டிசைன் பிரிவில் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று உத்தரவாயிற்று. கேட்க வேண்டியது இருந்தால் எழுதி அவரிடம் தர வேண்டும். அவர் படித்துப் பார்த்துவிட்டு உரியவரிடம் சேர்ப்பார்.

நாலே நாளில் ரத்தினவேல் எட்டு மில்லிமீட்டர் தண்டுக்கு டிராயிங் போட்டார். அதில் மாட்ட வேண்டிய இறக்கைக்கு ருக்மணி பழைய தாளைப் பார்த்துப் பத்து மில்லிமீட்டர் துளை டிரேஸ் எடுத்தாள். கங்கப்பன் இரண்டையும் பிரிண்ட் போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினான். ஒர்க்‌ஷாப்பில் சுவிட்சைப் போட்டபோது தண்டு மட்டும் சுற்றியது. இறக்கை அசையாமல் வேடிக்கை பார்த்தது.

"பார்த்தீங்களா" என்றார் சென்னகிருஷ்ணன். "கும்பல் கலைஞ்சு போச்சு. பதட்டத்துல தப்பு மேல தப்புப் பண்றாங்க."

இதை அவர் சொன்னது மேனேஜர் நாராயணப்பனிடம். நாராயணப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும் ஆங்கிலப் பத்திரிகையில் வந்ததாக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

"இது எந்த முறை சென்னகிருஷ்ணன்? ஜப்பான் முறையா?"

"வடக்கத்தி முறை சார்."

"எழுதிக் கொடுங்க. எல்லா டிப்பார்ட்மெண்டுக்கும் போடலாம்."

சென்னகிருஷ்ணன் ஒரு ராத்தூக்கம் விட்டு எழுதிக் கொடுத்தார். 'டிசைன் குழுவுக்குச் சில பாடங்கள்' என்ற தலைப்பில் அது நோட்டீஸ் போர்டில் ஏறியது. ஒப்புக்கொள்கிறவனை நம்பாதே என்று ஆரம்பித்து, சாவிகள் ஒரே கையில் இருக்கட்டும், மதிப்புள்ள பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டாம், குற்றவாளி எப்போதும் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பான் என்றெல்லாம் போய், குறிப்பேட்டை ஒருவருக்கும் காட்டாதே என்று முடிந்தது. பிரிவின் பெயரைத் திருத்திக்கொண்டு மற்றவர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம் என்று மேனேஜர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மற்றவர்கள் கடைப்பிடித்தார்கள். ஸ்டோரில் ஸ்குரூ வாங்கப் போனவனை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, முன்பு வாங்கிய ஸ்குரூ எங்கே என்று கேட்டார்கள். கேன்டீனில் சரசம்மா சாம்பார்க் கரண்டியைப் பூட்டி வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டவர்களைப் பார்த்து, "மொதல்ல ஊத்துனது என்னாச்சு?" என்றாள். அவளும் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவளுக்கு நன்றாகவே வந்தது.

அந்தச் சனிக்கிழமை சென்னகிருஷ்ணன் தன் ஆட்களிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். "நான் என்ன பண்றேன், ஏன் பண்றேன்னு உங்களுக்குப் புரியாது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டிவியில ஹிந்தித் தொடரு பாருங்க. பழுப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தரு வருவாரு. தொழில அவருகிட்டதான் கத்துக்கிட்டேன். அவரு செய்யற மாதிரியேதான் நானும் கடைசி வரைக்கும் செய்யப் போறேன்."

அவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் திங்கட்கிழமை மூன்று பேருமே வேறு மாதிரி இருந்தார்கள்.

ருக்மணி தன் கைப்பையை நாற்காலி முதுகில் மாட்டுகிற வழக்கம். அன்று மடியில் வைத்துக்கொண்டு டிரேஸ் எடுத்தாள். ரத்தினவேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைக்காமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். சென்னகிருஷ்ணன் பிரிண்ட் ரூமுக்குள் நுழைந்தால் கங்கப்பனும் பின்னாலேயே வந்து நின்றான்.

"உனக்கு இங்க என்ன வேலை?"

"சும்மா சார்."

மேஜை டிராயர், டிராயிங் பீரோ, பிரிண்ட் ரூம், எல்லாச் சாவியையும் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டபோது ரத்தினவேலின் முகம் வெளுத்துவிட்டது.

"சாவி எல்லாமேவா சார்?"

"எல்லாமே. நேத்து பார்த்தீங்கல்ல, எப்படி வாங்கினாருன்னு?"

"பார்த்தோம் சார்" என்றார் ரத்தினவேல். சாவிகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

சாவி வாங்கிய மறுநாள் சென்னகிருஷ்ணனுக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு வேலை. வழியில் குந்தாரப்பள்ளியில் நெரிசல். மாட்டு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. அவர் திரும்பி வருகிற வரைக்கும் பிரிண்ட் ரூம் பூட்டியே கிடந்தது. பெங்களூரிலிருந்து பிரிண்ட் வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போய், பழைய பிரிண்ட்டை வைத்தே அடிப்பீடத்துக்கு அச்சு வெட்டிவிட்டார்கள். அதில் சுவிட்சுக்கு இடமே இல்லை.

இனி அசல் டிரேசிங்குகளை ஆபீசில் விட்டுவைப்பது ஆபத்து என்று அவருக்குப் பட்டது. சாபும் அந்த வாரம் பங்களாவின் முக்கியமான பொருள்களையெல்லாம் ஒரு தோல் பெட்டியில் வைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோயிருந்தார். சென்னகிருஷ்ணன் முப்பத்தாறு டிரேசிங்குகளை உருட்டி, குழாயில் அடைத்து, மோப்பெட்டின் பின்னால் கட்டினார். ஜன்னலில் மூன்று முகங்கள் தெரிந்தன.

கேட்டில் செக்யூரிட்டி அழகர்சாமி நிறுத்தினார். மதுரைப் பக்கத்துக்காரர், பதினோரு வருஷம் பட்டாளத்தில் வடக்கே இருந்தவர். எப்போதும் சல்யூட் அடித்து வழி விடுகிறவர், அன்று சல்யூட் அடித்துவிட்டு டிபன் கேரியரைத் திறக்கச் சொன்னார்.

"என்ன அழகர்சாமி, என்னையேவா?"

"நோட்டீஸ் போர்டுல போட்டிருக்குல்ல சார். எல்லாரையும் சந்தேகப்படணும்னு."

சென்னகிருஷ்ணனுக்குப் பெருமையாக இருந்தது. பாடம் கேட் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. டிரேசிங் குழாயையும் அவரே திறந்து காட்டினார். அழகர்சாமி ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது. டிரேசிங் முப்பத்தைந்துதான் இருந்தது.

"ராஜாத்தி, இங்க ஒரு தாள் இருந்துச்சே?"

"சமையக்கட்டு அலமாரியில விரிச்சிருக்கேங்க. நல்லா வழவழன்னு இருந்துச்சு. எண்ணெய் டப்பா வச்சாக்கூட ஊறவே இல்ல."

அடிப்பீடத்தின் டிரேசிங் அது. நடுவில் கடலையெண்ணெய் வட்டம் ஒன்று, கம்பஸ் வைத்துப் போட்டது போலச் சுத்தமாக விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நாராயணப்பன் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜை மேல் சுற்றாத இறக்கையும் சுவிட்ச் இல்லாத அடிப்பீடமும் இருந்தன.

"சென்னகிருஷ்ணன், மொதல்ல ஒரு வளையந்தான் உக்காரல. இப்ப எதுவுமே உக்காரல. திங்கக்கிழமை காலைல யாருன்னு பேரச் சொல்லுங்க. அந்த ஆளை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன். அந்தப் பொண்ணு ருக்மணி டெம்பரரிதானே? அதுதான் ஒத்துக்கிச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"அந்தப் பொண்ணு இல்லீங்க சார்" என்றார் சென்னகிருஷ்ணன் அவசரமாக. "அது ஒத்துக்கிட்டதனாலேயே அது இல்லைன்னு ஆகுது."

"அப்ப யாரு?"

"ரெண்டு நாள் கொடுங்க."

வெளியே வந்து வராந்தாவிலேயே நின்றார். ருக்மணிக்கு வேலை நிரந்தரமாகிற கடிதம் அந்த மாதம்தான் வர வேண்டும். அவளுடைய அப்பா அஞ்செட்டிக்கு மேலே நாட்றாம்பாளையத்தில் மானாவாரிக் காட்டை நம்பி இருக்கிறவர். ரத்தினவேலோ அவரோடு ஆறு வருஷம் தோளோடு தோளாக நின்று வேலை செய்தவர். ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் எதைச் சொல்வது? நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருந்தார். ஒரு பக்கமும் உதவவில்லை.

அப்போதுதான் பிரிண்ட் ரூம் கதவுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. பேசக் கூடாது என்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே கேட்ட முதல் குரல்.

"ஞாயித்துக்கெழம போன வாரம் மாதிரியே அழகர்சாமி அண்ணன் வீட்டுல" என்றது ருக்மணியின் குரல். "நம்ம சாருக்குத் தெரியாம வந்துருங்க."

"சரியாப் பத்து மணிக்கு" என்றது ரத்தினவேலின் குரல்.

"ஆய்த்து, வந்துடறேன்" என்றான் கங்கப்பன்.

சென்னகிருஷ்ணன் இடத்தையும் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். கூட்டமாகவே சேர்ந்திருக்கிறார்கள். செக்யூரிட்டியும் உடந்தை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தொடர் பார்க்க உட்காரவில்லை. ராஜாத்திக்கு அதுவே பெரிய அதிசயம். "உடம்புக்கு முடியலீங்களா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னைக்குப் பார்க்கிற நாள் இல்ல, புடிக்கிற நாள்" என்று சொல்லிவிட்டு அவர் மோப்பெட்டை உதைத்தார்.

அழகர்சாமிக்குக் கம்பெனி கேட்டுக்கு உட்புறமாகவே ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள். சென்னகிருஷ்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் இரண்டு மோட்டார்களை வைத்து, நாலு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "யாரும் அசையக் கூடாது."

யாரும் அசையவில்லை. ருக்மணி மட்டும் கையிலிருந்த அளவுகோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"கம்பெனி மோட்டாரு இங்க எப்படி வந்துச்சு?"

"ஸ்டோர்ல கேட்டு வாங்கினோம் சார்" என்றார் ரத்தினவேல். "கேட்டுக்கு வெளிய போகலை. நாங்கதான் ஒருத்தருக்கொருத்தரு பேசக் கூடாதே, அதனால நான் ஒண்ணு கேட்டு வாங்கினேன், கங்கப்பனும் தனியா ஒண்ணு கேட்டு வாங்கிட்டான். ரெண்டையும் இங்க பக்கத்துல பக்கத்துல வச்சப்புறந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நீங்களே பாருங்க."

சென்னகிருஷ்ணன் குனிந்தார். இரண்டும் ஒரே பச்சை நிறம்; ஒரே மாதிரி லேபிள். ஒன்றின் கழுத்து மட்டும் சற்றே தடித்திருந்தது.

"இது பழைய சரக்கு, நூத்திப் பதினேழு. இது புதுசு, நூத்திப் பன்னெண்டு. ஸ்டோர்ல ரெண்டையும் ஒரே பெட்டியில கொட்டி வச்சிருக்காங்க. உங்க மேசைக்கு வந்தது பழசு சார்."

ருக்மணி வளையத்தை எடுத்துப் புது மோட்டாரின் கழுத்தில் வைத்து லேசாக அழுத்தினாள். 'டக்' என்று போய் உட்கார்ந்தது.

அந்தச் சின்னச் சத்தம் சென்னகிருஷ்ணனை அப்படியே அசைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். களவும் இல்லை, சதியும் இல்லை. இரண்டு மோட்டார், ஒரு பெட்டி. முதல் நாளே நாலு பேரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றிருந்தால் பத்து நிமிஷத்து வேலை.

"ஏம்மா, இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சுரண்டுனது மொத நாளே சொன்னேங்க சார்."

"அதில்ல. இந்த மோட்டாரு விஷயத்த. ஏன் எனக்குத் தெரியாம ஒளிஞ்சு உக்காந்து பண்ணினீங்க?"

ரத்தினவேல் கூரையைப் பார்த்தார். கங்கப்பன் மோட்டாரைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"சரி விடுங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே போயி, தப்பு எம்மேலதான், யாரையும் அனுப்ப வேண்டாம்னு சொல்லிடறேன். சாவியெல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன். டிரேசிங்கும் நாளைக்கே வந்துரும். ஒண்ணுல மட்டும் கொஞ்சம் எண்ணெ இருக்கும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ருக்மணி கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

டிவியில் சாப் தோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார். சென்னகிருஷ்ணன் திரையைக் காட்டினார்.

"அவருமேல குத்தமில்ல. அவரு கெட்டிக்காரரு. எனக்குத்தான் அவரு தொழிலு சரியா வரல."

அழகர்சாமி காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல், பட்டாளத்தில் நிற்பது போல விறைப்பாக எதிரில் நின்றார்.

"சார், உங்களுக்கு ஹிந்தி தெரியுமா?"

"தெரியாது. அதுக்கு என்ன? பார்த்தாலே புரியுதே."

அழகர்சாமி மற்ற மூவரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க சார், அந்தக் கோட்டுக்காரன் போலீசே இல்ல, போலீசு வேசம் கட்டிக்கிட்டு அந்த வீட்டைக் கொள்ளையடிக்க வந்திருக்கிற திருடன், கடைசி வரைக்கும் அவன் மாதிரியேதான் செய்யப் போறேன்னு நீங்க சொன்னப்புறம், நாங்க வேற என்ன சார் நெனைக்கிறது?"